அசெம்பிள் செய்தது யார்?

ஆய்வு உதவித்தொகை மாதம் தவறாமல் வருவது அபூர்வம். ஆறேழு மாதங்கள் காக்க வைத்துப் பின்னர் நிலுவையாக ஒரே நாளில் வந்து சேர்வதே பல ஆய்வாளர்களின் அனுபவம். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்பதால் ஆறு மாத நிலுவை இரண்டு இலட்சத்தைத் தாண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக அவ்வளவு பணம் கணக்கில் நிற்பதைப் பார்க்கும் ஆய்வாளர், வீட்டுக்கு அனுப்ப வேண்டியதையும் நண்பர்களிடம் வாங்கிய கடனையும் மெஸ் பாக்கியையும் கழித்துவிட்டு, எஞ்சியதில் ஒரு நல்ல மேசைக்கணினி வாங்க முடிவு செய்கிறார். அன்றிரவே ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொள்கிறது. விருப்பத்திற்கேற்ப இணைத்துத் தரும் நிறுவனத்திடம் முழுக் கணினியாக வாங்குவதா, உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்கித் தானே இணைப்பதா?

விடை தேடி அவர் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே வாங்கிய பாகம் பிடிக்கவில்லையென்றால் சில வாரங்களுக்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். உதிரிபாகக் கடையில் மாலையில் ஒன்றை மாற்றி வேறொன்றை எடுத்துவரலாம். அந்தச் சூழலில் ‘வாங்கு அல்லது நீயே உருவாக்கு’ என்னும் இரண்டே வழிகள் பொருத்தமாக இருக்கக்கூடும். இந்தியாவில் இந்தக் கேள்வியே வேறு வடிவம் உடையது என்பதை இங்கே புழங்கும் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

இந்தியக் கணினிச் சந்தையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு சொற்கள் ஆட்சி செய்கின்றன: ‘பிராண்டட்’, ‘அசெம்பிள்ட்’. தில்லியின் நேரு பிளேஸிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் மும்பையின் லாமிங்டன் சாலையிலும் சென்னையின் ரிச்சி தெருவிலும் எந்த மொழி பேசுபவரும் இந்த இரண்டு சொற்களையே பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் காணொளியில் வருபவர் ‘நான் உருவாக்கினேன்’ என்கிறார். வினை செய்வினை, எழுவாய் தெளிவாக நிற்கிறது. ‘அசெம்பிள்ட்’ என்பதோ செயப்பாட்டுவினையிலிருந்து பிறந்த பெயரடை. இணைக்கப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. யாரால் என்று சொல்வதில்லை. கடையின் பின்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்திற்குள் எல்லாவற்றையும் திருகி முடித்துவிடும் இருபது வயது இளைஞர் அந்தச் சொல்லில் இல்லை. எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போடலாம் என்று முடிவு செய்த கடைக்காரரும் இல்லை. வாங்கியவர் இருக்கிறாரா என்பதும் சந்தேகமே. இந்தியாவில் கணினி வாங்கும் ஆய்வாளரின் தொல்லைகளில் பாதி, எழுவாய் காணாமல்போன இந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகின்றன.

இந்த மூன்றாவது வழி எப்படி வந்தது என்பது சுருக்கமாகச் சொல்லத்தக்கதே. 1981இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியைச் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே உருவாக்கியது. அதன் தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டே காம்பாக் அதற்கு இணக்கமான கணினியை அறிவித்தது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவுமுறையைக் கொண்டுவந்தபின் மதர்போர்டு, கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றின் அளவும் திருகுத் துளைகளின் இடமும்கூடப் பொதுவாயின. எந்த நிறுவனத்தின் பாகமும் எந்தக் கேபினெட்டிலும் பொருந்தலாம் என்ற நிலை வந்தது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தது. படிப்படியாகப் பல கணினிப் பாகங்களின் இறக்குமதித் தீர்வை நீங்கியது. பெருநிறுவனக் கணினியின் விலை எட்டாத கல்லூரிகளும் தட்டச்சுப் பயிலகங்களும் டி.டி.பி. கடைகளும் மேற்சொன்ன தெருக்களில் இணைத்து விற்கப்பட்ட கணினிகளில்தான் பழகின. அந்தத் தெருக்களின் மீது ஏளனம் காட்டுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஆயினும் அந்தத் தெரு வழக்கம் இரண்டு வேறுபட்ட செயல்களை ஒன்றாகக் குழைத்துவிட்டது. ஒன்று தெரிவு, மற்றொன்று இணைப்பு. எந்தப் பாகம், எதற்காக, எவ்வளவு என்று தீர்மானிப்பது தெரிவு. திருகாணியால் முடுக்குவது இணைப்பு. முதல்முறை செய்பவருக்கும் இணைப்பு ஒரு பிற்பகல் வேலைதான். தெரிவுக்கோ சில வாரங்கள் வேண்டும். தன் ஆய்வைப் பற்றிய தெளிவும் வேண்டும். காணொளிகள் பெருமையையெல்லாம் இணைப்பின் மீது சுமத்துகின்றன. ஆய்வாளர் மூன்றாண்டு, ஐந்தாண்டு வாழப்போவது தெரிவின் விளைவுகளோடு.

‘உங்கள் விருப்பத்திற்கேற்ப’ என்று விளம்பரப்படுத்தும் நிறுவனங்களின் பக்கங்களைக் கவனித்துப் பார்த்தால் இது விளங்கும். செயலியைத் தெரிவு செய்யலாம். கிராஃபிக்ஸ் கார்டின் எண்ணைத் தெரிவு செய்யலாம். கேபினெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் எந்த நிறத்தில் விளக்கு எரிய வேண்டும் என்றும் சொல்லலாம். மதர்போர்டு என்ற இடத்தில் சிப்செட்டின் பெயர் மட்டும் இருக்கும், மாடல் இருக்காது. எஸ்.எம்.பி.எஸ். என்ற இடத்தில் ‘550 வாட்’ என்று மட்டும் இருக்கும். அதை யார் செய்தார்கள், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பது இருக்காது. நினைவகம் 16 ஜிபி என்றிருக்கும். அது ஒரே குச்சியா, இரண்டு எட்டுகளா என்பது இருக்காது. இரண்டு குச்சிகளாகப் போட்டால் செயலி இரு வழிகளில் ஒரே நேரத்தில் நினைவகத்தை எட்டும். ஒன்றாகப் போட்டால் ஒரு வழி சும்மா கிடக்கும். விற்பவருக்கு ஒரே குச்சி வசதி. கண்ணுக்குத் தெரிவதில் வாங்குபவருக்குச் சுதந்திரம், தெரியாததில் விற்பவருக்குச் சுதந்திரம் என்பதே பெரும்பாலும் இந்த ஏற்பாடு.

மொழியியல் துறையிலிருந்தே இரண்டு ஆய்வாளர்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் ஒலியியலில் ஆய்வு செய்கிறார். களப்பதிவுகளைப் பிராட் மென்பொருளில் திறந்து உயிரொலிகளின் ஃபார்மன்ட்டுகளை அளக்கிறார்; ஈலானில் உரையாடல்களை எழுத்துப்பெயர்க்கிறார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் பத்தாண்டு பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். நெய்மேகனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஈலானும் பெரிதாக எதையும் கேட்பதில்லை. இவருக்கு வேண்டியவை: இரைச்சலற்ற விசிறிகள் (அதே அறையில் ஒலிப்பதிவு செய்ய நேரும்), கண்ணை வருத்தாத நல்ல திரை, பதிவுகளை இரண்டு படிகளாகச் சேமிக்க இரண்டு வட்டுகள். கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட கணினிகள் சீரமைக்கப்பட்டு இதே தெருக்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவர் அவற்றில் ஒன்றை வாங்கிப் புதிய எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் நினைவகமும் போட்டுக்கொண்டால் போதும். ‘வாங்குவதா, உருவாக்குவதா’ என்ற கேள்வியே இவருடையது அல்ல. ஆனால் ‘ஆராய்ச்சிக்கு’ என்று கடையில் சொன்ன மறுகணமே இவருக்கும் விளக்கு எரியும் கண்ணாடிக் கேபினெட் காட்டப்படும்.

மற்றவர், எழுத்துவளம் குறைந்த ஒரு மொழிக்குப் பேச்சுணரும் கருவி செய்ய முயல்கிறார். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாதிரியை அம்மொழிக்குப் பழக்க வேண்டும். அதன் பெரிய வடிவத்தில் சுமார் 155 கோடி அளவுருக்கள். அதை வெறுமனே இயக்கவே ஏறத்தாழ 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் தேவை என்று உருவாக்கியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். பழக்குவதற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். இவர் கடைக்குப் போனால் விலைப்பட்டியலில் ஆர்டிஎக்ஸ் 4060 மேலேயும், 3060 கீழேயும் இருக்கும். எண்ணும் பெரிது, பின்னால் வந்ததும் அதுவே. 2021இல் வந்த 3060இன் நினைவகம் 12 ஜிபி. 2023இல் வந்த 4060இன் நினைவகம் 8 ஜிபி என்பதைப் பட்டியல் உரக்கச் சொல்வதில்லை. விளையாட்டில் ஒரு நொடிக்கு எத்தனை சட்டகங்கள் ஓடுகின்றன என்பதை அளவுகோலாகக் கொண்டால் 4060 மேலானது. பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் மாதிரி நினைவகத்தில் அடங்காவிட்டால் வேகத்தால் பயனில்லை. எழுநூறு கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியை அளவுருவுக்கு இரண்டு பைட் வீதம் ஏற்றினால் 14 ஜிபி ஆகும் என்ற கணக்கைப் போடப் பள்ளி எண்கணிதம் போதும். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் ஆய்வாளர். கடைக்காரர் போட மாட்டார். அது அவர் வேலையும் அன்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மேகக் கணிமை இருக்கும்போது இவ்வளவும் எதற்கு? கூகுள் கோலாபிலும் காக்கிளிலும் இலவசமாகவே கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்கிறதே? சிறு சோதனைகளுக்கு அது சரி. நீண்ட பயிற்சி ஓட்டம் பாதியில் அறுபடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொண்டாலும், களப்பதிவுகளை என்ன செய்வது? ஒரு சிற்றூரில் மூத்த பெண்மணி ஒருவர் தன் குடும்பச் சண்டையையும் நிலத் தகராறையும் கலந்து பேசிய மூன்று மணி நேரப் பதிவு அது. ஆய்வுக்கு என்று கேட்டுத்தான் ஒப்புதல் வாங்கப்பட்டது. வேறொரு நாட்டுச் சர்வரில் ஏற்றுவதற்கு அன்று. சொந்தக் கணினி ஆடம்பரமல்ல என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தெரிவை ஆய்வாளரே செய்ய வேண்டும் என்றால், இணைப்பையும் அவரே செய்துவிட்டால் என்ன? திருகாணியைக் கையில் எடுப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. தவறுகள் எவை என்பதும் தெரிந்தவையே: செயலிக்கான தனி மின்கம்பியை மறப்பது, நினைவகத்தை இரண்டாம் நான்காம் குழிகளில் போடாமல் முதல் இரண்டில் போடுவது, திரையின் கம்பியைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டுப் படம் வரவில்லையே என்று கலங்குவது. இவை திருத்தக்கூடியவை. செயலி உட்காரும் குழியிலுள்ள ஊசிகளை வளைத்துவிடுவது மட்டும் திருத்த முடியாதது. வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் செல்லாது. கவனமாகச் செய்பவருக்கு இவற்றில் எதுவும் நேராமல் போகலாம். உண்மையான இடர் இணைக்கும் நாளில் இல்லை. பதினான்கு மாதம் கழித்து, ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் காலையில் வருகிறது.

அன்று கணினி இயங்க மறுக்கிறது. தனித்தனியாக வாங்கியதால் உத்தரவாதம் உண்மையில் அதிகம்தான்: பெட்டியோடு வாங்கிய செயலிக்கு மூன்றாண்டு, கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு, நல்ல எஸ்.எஸ்.டி.க்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் ஐந்தாண்டுகூட உண்டு. ஆனால் பழுதானது எது? நினைவகமா, மதர்போர்டா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா? ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மாற்றிப் போட இன்னொன்று கையில் இருக்க வேண்டும். கடைக்காரரின் இழுப்பறையில் பழைய எஸ்.எம்.பி.எஸ். நான்கு கிடக்கும். விடுதி அறையில் கிடக்காது. நேரு பிளேஸிலிருந்து மெட்ரோ தூரத்தில் இருப்பவருக்கு இது ஒருநாள் அலைச்சல். சில்சாரிலோ தேஜ்பூரிலோ கோராபுட்டிலோ உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு ஒரு மாதம். சேவை மையம் இருக்கும் பெருநகரத்துக்குக் கூரியர் அனுப்பி, ‘பாகத்தில் பழுதில்லை’ என்று திரும்பி வந்தால் அடுத்த பாகத்தை அனுப்ப வேண்டும். தானே இணைப்பது மலிவு என்று கணக்கிடுபவர்கள் இந்த மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே சொந்தப் பணத்தில் வாங்கும் ஆய்வாளருக்கு மூன்றாவது வழியே நல்லது. ஆனால் அதில் எழுவாய்களை மீட்டெடுத்துக்கொண்டு. ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் எழுதிய பட்டியலோடு கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் ‘இது ஸ்டாக் இல்லை, இதே மாதிரி இது’ என்று காட்டும் மாற்றுகளை அந்த இடத்திலேயே ஏற்றுக்கொள்ளாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். சில நூறு ரூபாய் கூலி கொடுத்து, எதிரிலேயே இணைக்கச் சொல்லி உடன் இருந்து பார்க்க வேண்டும். செயலி முத்திரையிட்ட பெட்டியில் வருகிறதா, ‘ட்ரே’ என்று சொல்லப்படும் உதிரியாக வருகிறதா என்று கவனிப்பது முக்கியம். உதிரிக்கு உற்பத்தியாளர் நேரடியாக உத்தரவாதம் தருவதில்லை. ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம்’ என்ற பேச்சு எந்தத் தெருவிலும் எழும். பில் இல்லாமல் வாங்கியவருக்கு உத்தரவாதமும் இல்லை, கன்டிஜென்சி நிதியில் ஈடுகட்டவும் வழியில்லை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். ‘கம்ப்யூட்டர் ஒன்று’ என்ற ஒற்றை வரி பில் உத்தரவாதக் கவுன்டரில் காகிதம் மட்டுமே.

கன்டிஜென்சி பற்றி ஒரு சொல். மானியக் குழுவின் உதவித்தொகையில் மானுடவியல், சமூக அறிவியல் துறையினருக்கு முதல் இரண்டாண்டு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பின்னர் 20,500 ரூபாய். அறிவியலாருக்கு முறையே 12,000, 25,000. இதில் முழுக் கணினி வராது. ஓர் ஆண்டு எஸ்.எஸ்.டி., மறு ஆண்டு நினைவகம் என்று வரும். பாகம் பாகமாக வளரக்கூடிய கணினியைத் தெரிவு செய்தவருக்கே இந்தச் சிறு தொகை பயன்படும்.

விலையைப் பற்றியும் பழைய பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ‘தானே சேர்த்தால் எப்போதும் மலிவு’ என்பது 2021இல் கிராஃபிக்ஸ் கார்டுத் தட்டுப்பாட்டின்போதே பொய்த்தது. கார்டுக்காக முழுக் கணினியை வாங்கியவர்கள் உண்டு. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை ஏறியது. நுகர்வோருக்கான குரூஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய நாட்களில் பழைய விலைக்கு இருப்பு வைத்திருக்கும் நிறுவனத்தின் முழுக் கணினி உதிரிகளின் கூட்டுத்தொகையைவிட மலிவாக இருக்கலாம். வாங்கும் வாரத்தில் இரண்டையும் கூட்டிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

அமெரிக்கக் காணொளிகள் அறவே சொல்லாத ஒரு பாகம் யூ.பி.எஸ். பெட்டியில் 600 என்று போட்டிருப்பது வாட் அல்ல, விஏ. பெரும்பாலும் அது 360 வாட்டைத்தான் தாங்கும். பயிற்சி ஓட்டத்தில் கிராஃபிக்ஸ் கார்டும் செயலியும் சேர்ந்து அதை எளிதில் தாண்டிவிடும். மின்சாரம் போன கணமே யூ.பி.எஸ்.ஸும் கைவிடும். விலை குறைந்த யூ.பி.எஸ். தரும் சதுர அலையோடு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் சில ஒத்துப்போவதில்லை என்பது இன்னொரு தொல்லை. விடுதியின் நிலஇணைப்பு இல்லாத பிளக்கில் செருகிவிட்டுக் கேபினெட்டைத் தொட்டவருக்கு விரலில் சுள்ளென்று ஏறும். தில்லியின் மே மாதத்தையும் அந்த மாதத்துத் தூசியையும் பற்றித் தனியே சொல்ல வேண்டாம். முன்புறம் கண்ணாடி போட்டு மூடிய கேபினெட் அங்கே மூச்சுவிடாது. வலை போட்டது வேண்டும்.

துறையின் ஆய்வகத்துக்கு வரும்போது நியாயம் தலைகீழாகிறது. இங்கே பெருநிறுவனத்தின் முழுக் கணினியை, நேரில் வந்து பழுது நீக்கும் உத்தரவாதத்தோடு வாங்குவதே சரி. இதைச் சொன்னால் திறந்த மென்பொருளும் திறந்த வன்பொருளும் பேசும் நண்பர்களுக்குக் கசக்கும். ஆனால் ஆய்வகத்தின் இயல்பு ஆட்கள் போய்க்கொண்டே இருப்பது. ஆர்வமுள்ள ஒரு மூத்த மாணவர் திட்ட நிதியில் பாகங்கள் வாங்கித் தானே இணைத்துவைத்த கணினியை ஏறக்குறைய எந்தத் துறையிலும் காணலாம். அவர் இருக்கும் வரை அது அந்தத் துறையின் பெருமை. அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வேலைக்குப் போகிறார். கடவுச்சொல் ஒரு துண்டுச்சீட்டில் இருந்தது; மிஞ்சிய திருகுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன; இரண்டும் காணோம். ஒரு திங்கட்கிழமை அது இயங்கவில்லை. கேபினெட்டின் மீது இருப்புப் பதிவேட்டு எண் ஒட்டியிருப்பதால் திறக்க எவருக்கும் துணிவில்லை. தணிக்கையில் பாகம் குறைந்தால் யார் பதில் சொல்வது? துணி போர்த்தி மூலையில் வைக்கப்படுகிறது. கழித்துவிடும் குழு கூடுவதற்குள் அடுத்த தொகுதி மாணவர்களும் போய்விடுகிறார்கள். ஒரு சிறிய எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் அது உயிர்த்திருக்கும்.

ஆனால் ஆய்வகம் முழுக் கணினியை வாங்கும் விதத்திலும் தெரிவு என்ற செயல் காணாமல்போகிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் 25,000 ரூபாய் வரை விலைப்புள்ளியின்றி வாங்கவும், அதற்கு மேல் இரண்டரை இலட்சம் வரை மூவர் கொண்ட கொள்முதல் குழு வழியே வாங்கவும் இடம் தந்தன. பின்னர் வரம்புகள் உயர்ந்தன. 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையில் கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்க வேண்டும். விதிகளில் குறையில்லை. குறை, விவரக்குறிப்பு எழுதப்படும் மேசையில் இருக்கிறது. சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து எடுத்து, செயலியின் தலைமுறையை மட்டும் ஒன்று கூட்டி அனுப்பிவிடுகிறார்கள். கணினியைப் பயன்படுத்தப்போகிறவரிடம் எவரும் கேட்பதில்லை; கேட்டாலும் அவர் பிராண்டின் பெயரைச் சொல்கிறார், வேலையின் பெயரைச் சொல்வதில்லை.

இதன் விளைவை ஒல்லிக் கணினிகளில் பார்க்கலாம். மேசையில் இடம் அடைக்காது என்று சிறிய உருவக் கணினி பத்து வாங்கப்படுகிறது. இரண்டாண்டு கழித்து ஆய்வுத் திட்டம் ஒன்று கிடைத்து, கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நிதி வருகிறது. கார்டு வந்த பிறகே தெரிகிறது: முழு உயரக் கார்டு அந்தக் கேபினெட்டில் நுழையாது, நுழைந்தாலும் உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். 200, 250 வாட்டைத் தாண்டாது. அதைக் கழற்றிப் பெரியதாக மாற்றலாமென்றால் அதன் இணைப்பும் வடிவமும் பொது அளவுமுறையில் இல்லை, அந்த நிறுவனத்துக்கே உரியவை. ஏடிஎக்ஸ் கொடுத்த சுதந்திரம் முழுக் கணினிகள் பலவற்றில் இப்படிச் சத்தமின்றித் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. எனவே துறை எழுத வேண்டிய விவரக்குறிப்பில் செயலியின் பெயரைவிட முக்கியமானவை வேறு: முழு உயர டவர், காலியாக இருக்கும் நினைவகக் குழிகளின் எண்ணிக்கை, பின்னாளில் வரப்போகும் கார்டைத் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்., ஐந்தாண்டு நேரடி உத்தரவாதம், லினக்ஸ் இயங்கும் என்ற உறுதி. ஐந்து வரிகள். அவற்றை எழுதத் துறைக்குள் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருப்பது எப்படி என்பதில்தான் ‘நீயே இணைத்துப் பார்’ என்போரின் வாதத்துக்கு வலு இருக்கிறது. ஒருமுறை திறந்து பார்த்தவருக்குப் பயம் போய்விடும். பயம் போனவரே சரியான கேள்வி கேட்பார். உண்மை. ஆயினும் முதல் பாடத்தை உதவித்தொகை நிலுவையில் வாங்கிய புத்தம்புதுச் செயலியில் படிக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன துணி போர்த்திய கணினி போதும். முறைப்படி கழிக்கப்பட்ட இரண்டு பழைய கணினிகளை ஒரு மேசையில் வைத்து, ஆய்வுமுறைகள் பாடத்தின் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்கினால் துறையிலுள்ள அனைவரும் கழற்றி மாட்டிவிடுவார்கள். அனைவரும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வகங்களில் கேபினெட்டைத் திறக்கும் வேலை ஓர் ஆண் மாணவரிடம் தானாகவே போய்ச் சேர்கிறது. கடைத்தெருவிலோ, கிராஃபிக்ஸ் நினைவகம் எவ்வளவு என்று ஓர் ஆய்வு மாணவி கேட்டால் கடைக்காரர் அவருடன் துணைக்கு வந்த நண்பரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். நண்பர் இடைக்கால வரலாற்றில் ஆய்வு செய்பவராக இருப்பார். பதில் தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை பணம் கொடுக்கும் அந்த மாணவிக்குத் தன் தெரிவைத் தானே செய்யும் வாய்ப்பு குறைவுதான்.

அந்தப் பிற்பகலுக்குப் பின் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆய்வகத்தின் ஒவ்வொரு கணினிக்கும் பக்கத்தில் கோடு போட்ட ஒரு நோட்டு தொங்க வேண்டும். எந்தப் பாகம் எப்போது வந்தது, எந்தப் பில், உத்தரவாதம் எந்த மாதம் முடிகிறது, கடைசியாகத் திறந்தவர் யார், என்ன மாற்றினார் என்று அதில் கையெழுத்தோடு எழுத வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாணவர் நிலுவையின்மைப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், விடுதி, விளையாட்டுத் துறை என்று கையொப்பத்துக்கு அலைகிறார். அந்தப் படிவத்தில் இந்த நோட்டுக்கும் ஒரு வரி சேர்க்கத் துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும்.